ஏட்டய்யா பார்த்த துப்பறியும் தொடர்

என் மாமனார் வாய்விட்டுச் சிரித்ததை நான் முதன்முதலில் கேட்டது ஒரு தலைமுடியின் புண்ணியத்தில்தான். கல்யாணமாகி முதலியார்பேட்டை வீட்டுக்கு நான் வந்த புதிது. நான் உட்கார்ந்து வேலை செய்ய மாடியில் ஒரு சின்ன அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். வெளிநாட்டுத் துப்பறியும் தொடர்களுக்குத் தமிழில் வசனம் எழுதுவது என் வேலை. சென்னை ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து காட்சிகளை அனுப்புவார்கள். அந்த ஊர் நடிகர்களின் உதடு எப்படி அசைகிறதோ அதற்குப் பொருந்துகிற தமிழைத் தேடி எழுதி அனுப்ப வேண்டும். அன்றைய காட்சியில் ஒரு பெண் அதிகாரி, கொலை நடந்த வீட்டுக் கம்பளத்திலிருந்து ஒற்றை முடியை இடுக்கியால் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது இடதுகைப் பழக்கமுள்ளவனுடையது என்று அறிவித்தாள். கதவருகே ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். "முடியில ஏதும்மா பீச்சாங்கை, சோத்தாங்கை?" என்று கேட்டுவிட்டு, பொத்தியது போதாமல் வெடித்துச் சிரித்தார். அதுவரை அவரைப் பார்த்தாலே எழுந்து நின்றுகொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன்.

மாமா போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் யாரும் அவர் பெயரைச் சொன்னதில்லை, எல்லோருக்கும் ஏட்டய்யாதான். எங்கள் ஊர் போலீசுக்கே உரிய அந்தச் சிவப்புத் தொப்பியை அத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அலமாரி மேல் வைத்திருந்தாள். அந்த முடிச் சம்பவத்துக்குப் பிறகு, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாமா மாடியேறி வந்துவிடுவார். எனக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்த வெளிநாட்டு அதிகாரிகளை ஒவ்வொருவராகப் பிடித்துக் கிழிப்பார். இருட்டு வீட்டுக்குள் டார்ச் அடித்துக்கொண்டு நுழைகிறவனைப் பார்த்து, "செவுத்துல சுவிட்சு இருக்கே, போட்டா என்னா?" என்பார். பாரிஸில் நடக்கிற ஒரு தொடரில் தெருமுனையில், எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்துவிட்டுப் போனது போலவே, நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் தெருப் பெயர் தெரிந்தபோது, "நம்ம ஊரு போர்ட கழட்டிக்கினு போயிட்டானுவ, முதல்ல அந்தத் திருட்ட கண்டுபுடிக்கச் சொல்லு" என்றார். ஒரே நாளில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தால் அவருக்குக் கொண்டாட்டம். இவர்களெல்லாம் எப்போது சாப்பிடுகிறார்கள், எந்தத் திருவிழாவுக்குப் பந்தோபஸ்து போகிறார்கள் என்று கேட்பார். "வீராம்பட்டினம் தேர்ல கயித்தப் புடிச்சிக்கிட்டு நின்னதே என் சர்வீஸ்ல பாதி. மீதிப் பாதி பெரிய மனுசன் கார் வரும்னு வெயில்ல நின்னது. எங்கேந்தும்மா துப்பறியறது?"

என் தொழிலில் ஒரு தந்திரம் உண்டு. கதை எங்கே நொண்டுகிறதோ அங்கே வசனத்தை வேகமாகப் பேச வைத்துவிட வேண்டும். பார்க்கிறவர் யோசிக்கிறதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். பார்க்கிறவர்களும் பாவம், ஏமாறத் தயாராகத்தான் வந்து உட்காருகிறார்கள். நாள் முழுக்க யாரையும் நம்பாமல் கழித்த மனிதர்கள், ராத்திரி ஒரு மணி நேரம் எதையாவது நம்பினால் தேவலை என்று இருக்கிறார்கள். நாம் கொஞ்சம் கைகொடுத்தால் போதும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மாமா தானாகவே கண்டுபிடித்துவிட்டார். "இந்த எடத்துல மட்டும் ஏம்மா இவன் ரயில் மாதிரி பேசுறான்?" என்றார் ஒருநாள். "கதை அங்கே ஓட்டை மாமா" என்றேன். அதற்கு அவர் சிரித்த சிரிப்பில் கீழேயிருந்து அத்தை, "பகல்ல என்னா கூத்து?" என்று சத்தம் போட்டாள்.

மாமாவுக்குத் தெருவில் இருந்த மரியாதை துப்பறிந்ததால் வந்ததல்ல. அவருக்குத் தெரிந்த பெரிய வித்தை, ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கிலிருந்து உடம்பைச் சீக்கிரம் வாங்கித் தருவது. தூக்கு, விபத்து, தண்ணீரில் போனது என்று எந்த வீட்டில் எது நடந்தாலும் முதலில் ஏட்டய்யாவைத்தான் கூப்பிடுவார்கள். பணியில் இருந்தபோதும் அப்படி, ஓய்வு பெற்ற பிறகும் அப்படி. அவர் போய் அழுகிறவர்களை ஓரமாக உட்காரவைத்து, தண்ணீர் வாங்கிக் கொடுத்து, விசாரிக்க வருகிற அதிகாரி என்ன கேட்பார் என்று சொல்லித் தருவார். "யார் மேலயாவது சந்தேகமான்னு கேப்பாரு. இல்லன்னு சொல்லிடுங்க. இருக்குன்னு சொன்னீங்கன்னா இழுத்துக்கினு போவும். பொம்பளைங்க வெயில்ல குந்திக்கினு கெடக்கணும். பொழுதோட உடம்ப வாங்கி எடுத்துடலாம்." இதில் அவருக்கு ஒரு லாபமும் கிடையாது. ஒரு டீ கூட வாங்கிக் குடிக்க மாட்டார். இரக்கத்தில்தான் சொன்னார். அத்தை இதைப் பெருமையாக எனக்குச் சொல்லியிருக்கிறாள், நானும் பெருமையாகக் கேட்டிருக்கிறேன்.

சின்னவன் செத்துப்போனான். என் வீட்டுக்காரரின் தம்பி, எனக்குக் கொழுந்தன். ஏசி மெக்கானிக் வேலை பார்த்தான், கல்யாணம் ஆகவில்லை. "அண்ணி, உங்க கதையில எவனுக்காவது ஏசி ரிப்பேர் ஆவாதா, என்னை உள்ள உடுங்க" என்று கிண்டல் பண்ணுகிற பையன். சிநேகிதன் கல்யாண வரவேற்புக்குப் போனவன் திரும்பவில்லை. மழை நாள். தவளக்குப்பம் தாண்டி கடலூர் சாலைத் திருப்பத்தில், சாலையோரப் பள்ளத்தில் வண்டியோடு கிடந்தவனைக் காலையில் பால் கொண்டுபோனவர் பார்த்துச் சொன்னார். மாமாவும் என் வீட்டுக்காரரும் ஓடினார்கள். அத்தை வாசலில் விழுந்து கிடந்தாள். அவளைத் தூக்கவும் முடியாமல், அழவும் முடியாமல் நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சவக்கிடங்கு வாசலில் நடந்ததை என் வீட்டுக்காரர் எனக்குப் பிறகு சொன்னார். விசாரிக்க வந்த சப் இன்ஸ்பெக்டர் இளைஞர். மாமாவை அடையாளம் தெரிந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறார். "ஐயா, கேக்கணும்னு கேக்குறேன். யார் மேலயாவது சந்தேகம் இருக்குங்களா?" மாமா ஒரு நொடிகூட யோசிக்கவில்லையாம். "இல்ல தம்பி. மழை, திருப்பம். வழுக்கியிருப்பான். அவங்கம்மா வூட்டுல உழுந்து கெடக்குறா, சட்டுனு முடிச்சிக் குடுங்க." எத்தனையோ வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்த வாக்கியம் அவர் வாயிலிருந்து தானாக வந்திருக்கிறது. பொழுதோடு உடம்பு வந்தது. எடுத்தோம்.

வண்டியைக் கொஞ்ச நாளில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதை யாரும் குடைந்து பார்க்கவில்லை. சந்தேகம் இல்லை என்று ஆன பிறகு எதற்குப் பார்க்கப்போகிறார்கள்? "புள்ளய முழுங்குன சனியன் என் வாசப்படிக்கு வரக்கூடாது" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். உயிர் போன வண்டியை வீட்டில் நிறுத்துகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. மாமாவும் என் வீட்டுக்காரரும் ஸ்டேஷனிலிருந்து அதை ஒரு குட்டியானை வேனில் ஏற்றி, நேரே பழைய இரும்புக் கடையில் இறக்கிவிட்டு, தலைமுழுகிவிட்டு வீட்டுக்குள் வந்தார்கள். மாமா அந்த வண்டியின் பக்கமே திரும்பவில்லையாம். எப்படித் திரும்புவார்?

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன மத்தியானம், நாங்கள் மட்டும் சாப்பிட உட்கார்ந்தோம். பேச்சு வேண்டுமே என்று பேசுகிறவர் மாதிரி என் வீட்டுக்காரர், "ஏம்பா, முன்னால பள்ளத்துல போய் குத்துன வண்டிக்கு, பின்னால லைட்டு எப்பிடி நொறுங்கும்?" என்றார். மாமாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. "பின் லைட்டா?"

"ஆமா. மட்கார்டும் உள்ள போயிருந்துச்சு."

"அப்பவே ஏண்டா சொல்லல?"

"நீங்க பாத்திருப்பீங்கன்னு நெனச்சேன்பா. நீங்கதான போலீசு."

மாமா கை கழுவக்கூட இல்லை. அப்படியே எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு இரும்புக் கடைக்குப் போனார். கடைக்காரர் பழக்கமானவர்தான். வண்டியை வந்த வாரமே அக்கக்காகப் பிரித்து லோடு ஏற்றி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். மறுநாள் ஸ்டேஷனுக்குப் போனார். அந்த இளம் அதிகாரி நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, கடைசிவரை பொறுமையாகக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, "ஐயா, நீங்களே சந்தேகம் இல்லன்னீங்களே. இப்ப வண்டியும் இல்ல. நான் எதை வச்சி ஆரம்பிப்பேன், நீங்களே சொல்லுங்க" என்றாராம். மாமாவுக்குக் கோபப்பட வழியில்லை. அந்த நாற்காலியில் மாமா இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார், இவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருப்பாரா என்பதுகூடச் சந்தேகம். அதற்குப் பிறகும் அந்தத் திருப்பத்துக்கு எத்தனையோ முறை போய் நின்றார். அங்கே இருக்கிற டீக்கடையில், டயர் கடையில், வீடுகளில் கேட்டார். மழை நாள், யாரும் எதையும் பார்க்கவில்லை. பின்னால் வந்து இடித்தவன் இருந்தானா, இருந்தால் யார், தெரிந்து இடித்தானா தெரியாமல் இடித்தானா, இடித்துவிட்டு இறங்கிப் பார்த்தானா, பார்க்கும்போது பிள்ளைக்கு உயிர் இருந்ததா? இந்தக் கேள்விகள் எங்கள் வீட்டில் குடியேறிவிட்டன. பதில் இல்லாத கேள்வியோடு ஒரு வீட்டில் எத்தனை பேர் இருக்க முடியும்? நாங்கள் இருந்தோம்.

நான் மறுபடி வேலைக்கு உட்கார்ந்தபோது மாமா மாடிக்கு வருவார் என்று நினைக்கவில்லை. வந்தார். அதே நாற்காலி. ஆனால் கிண்டல் இல்லை. துண்டை மடியில் போட்டுக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி திரையைப் பார்த்தார். நான் வேண்டுமென்றே அபத்தமான காட்சிகளை அவருக்காக மறுபடி ஓட்டினேன். சிரிக்க மாட்டாரா என்றிருந்தது. ஒரு தொடரில் சாலையில் கிடந்த உடைந்த விளக்குத் துண்டில் நகக்கண் அளவு நீலப் பெயிண்ட் ஒட்டியிருக்கும். அதை வைத்து எந்தக் கம்பெனி கார், எந்த வருஷத்து கார் என்று கண்டுபிடித்து, அந்தி சாய்வதற்குள் ஒரு பெரிய நகரத்தில் அந்த ஒரே காரின் முன்னால் போய் நிற்பார்கள். பழைய மாமாவாக இருந்தால் உருண்டு புரண்டு சிரித்திருப்பார். அவர் முன்னால் சாய்ந்து, என் தோளுக்குப் பின்னாலிருந்து மெல்லக் கேட்டார்: "இது நடக்குமாம்மா?"

முப்பது வருஷத்துக்கு மேல் காக்கி போட்டவர் என்னிடம் கேட்கிறார். நான் ஸ்டேஷன் படியே ஏறாதவள். "கதைதானே மாமா" என்றேன். "கதைன்னு தெரியும். நடக்குமான்னுதான் கேக்குறேன்." அன்றைக்கு முழுக்க ஒரு வரி எழுத முடியவில்லை. இத்தனை நாள் அந்த ஓட்டைகளையெல்லாம் வேக வசனத்தால் அடைத்தேனே, அதைப் பார்த்து ஒரு மனுஷன் இப்படி நம்புவான் என்று யார் கண்டது? நம்ப வைக்கத்தான் எனக்குச் சம்பளம். நம்பியவரைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லாமல் போயிற்று. அவர் சிரித்துக்கொண்டே இருந்திருந்தால் என்று எத்தனை முறை ஏங்கியிருக்கிறேன்.

அதே தொடரில் இன்னொரு பாகம். அதிகாரி ஒருவர், மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் வீட்டுக்கு இரண்டாம் முறை போகிறார். முதல் முறை சொல்லாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று கேட்கத்தான் போகிறார். காட்சியில் வேறொன்றும் இல்லை. மாமா அதைத் திரும்பப் போடச் சொன்னார். மறுபடியும் போடச் சொன்னார். பிறகு, "நான் எந்த வூட்டுக்கும் ரெண்டாந்தடவ போனதில்லம்மா" என்றார். அப்புறம் ஒருநாள் காலையில் என்னை மட்டும் கூப்பிட்டு, "வீராம்பட்டினம் வரைக்கும் என்கூட வரியா?" என்று கேட்டார். ஏன் என்னைக் கூப்பிட்டார் என்று தெரியவில்லை. பொம்பளை கூட இருந்தால் அந்த வீட்டில் பேசுவார்கள் என்று நினைத்திருக்கலாம்.

டவுன் பஸ்ஸில் போகும்போது சொன்னார். மாமா பணியில் இருந்த காலத்தில் அங்கே ஒரு அம்மாவின் ஒரே மகன் கரையோரத்தில் பிணமாகக் கிடந்தான். குடித்துவிட்டு அலையில் விழுந்துவிட்டான் என்றார்கள். வழக்கம்போல மாமா அந்த அம்மாவை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சந்தேகம் இல்லை என்று சொல்லச் சொல்லியிருக்கிறார். சொல்வதற்கு முன்னால் அவள் ஒரு நிமிஷம் இவர் முகத்தையே பார்த்தாளாம். அந்தப் பார்வை இத்தனை வருஷம் நினைவில் இல்லை, இப்போது தூங்க விடவில்லை என்றார்.

அந்த அம்மா வாசலில் மீன் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. மாமாவைப் பார்த்ததும் கும்பிட்டு எழுந்தாள். "ஏட்டய்யா! உங்க புண்ணியத்துல அன்னிக்கிப் பொழுதோட எம்புள்ளய எடுத்தேன். இந்த ஊரே சொல்லும்." உள்ளே கூட்டிப்போய் பாயை விரித்து, கடைக்கு ஆள் அனுப்பிக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னாள். மாமா குடிக்காத கிளாசைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு கேட்டார்: "அன்னிக்கி உனக்கு ஏதாச்சும் சந்தேகம் இருந்துச்சாம்மா?"

அவள் தெருவில் யாரும் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். "கடல்லயே வளந்த புள்ள, முழங்கா தண்ணில சாவுமா ஐயா?" என்றாள். குரல் உயரவில்லை. "அவன் கூட ஒருத்தன் போனான். ரெண்டு பேருக்கும் அதுக்கு முந்தின நாளு சண்ட. எம் மனசுல இருந்துச்சு."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. அலமாரி மேலிருந்த தொப்பி தலையில் ஏறியது போல இருந்தார். "யாரும்மா அவன்? இப்ப எங்க இருக்கான்?"

"இப்ப வந்து கேக்குறீங்களே ஐயா" என்றாள் அவள். "எம்புள்ள போனதுலேந்து அவந்தான் எனக்குச் சோறு போடுறான். கடலுக்குப் போயி வந்தா முதல் பங்கு எனக்குத்தான். அம்மா, அம்மான்னுதான் கூப்புடுறான். எதுக்குடா இவ்ளோ செய்யறன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. கேட்டு அவனும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா? கலரக் குடிங்க. குடிச்சிட்டுக் கெளம்புங்க, அவன் கரைக்கு வர்ற நேரம்."

மாமா குடித்தார். குடிக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். அந்த அம்மா சொன்னதை யாராவது கதையில் எழுதிக் கொண்டுவந்தால், இதெல்லாம் நம்புகிற மாதிரி இல்லை என்று நானே அடித்திருப்பேன். நம்பாமல் என்ன செய்ய, அவள் கொடுத்த கலரின் இனிப்பு இன்னும் வாயில் இருந்தது.

அதற்குப் பிறகு மாமா மாடியேறவில்லை. வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை. தெருவில் சாவு விழுந்து யாராவது கூப்பிட வந்தால், உடம்பு முடியவில்லை என்று அத்தையை விட்டுச் சொல்லச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக அது உண்மையாகவே ஆனது. படுக்கையில் இருந்த கடைசி நாட்களில் என் வீட்டுக்காரரைப் பார்க்கும்போதெல்லாம், "நல்லா பாத்தியாடா, பின் லைட்டுதானா?" என்று கேட்பார். அவரும் ஒவ்வொரு முறையும், "பின் லைட்டுதாம்பா" என்பார். பொய் சொல்லியிருக்கலாம், சரியாகப் பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாமா நிம்மதியாகப் போயிருப்பார் என்று நான் பிறகு சண்டை போட்டேன். எங்கள் வீட்டில் அதுவரைக்கும் அப்பாவிடம் யாரும் பொய் சொன்னதில்லை என்றார் அவர். பின்னால் இடித்தவன் யார் என்று தெரியாமலேயே போய்ச் சேர்ந்தார் மாமா.

இப்போதும் நான் அதே அறையில் அதே வேலையைத்தான் செய்கிறேன். தொடர்கள் பெருகிவிட்டன. கொலைகாரர்கள் முன்பைவிடப் புத்திசாலிகள், கண்டுபிடிக்கிறவர்கள் அவர்களைவிடப் புத்திசாலிகள், ஒரு வழக்குகூடத் தப்புவதில்லை. அத்தைக்கு முழங்கால் வலி. படியேற மாட்டாள், ஒரு பாகம்கூடப் பார்த்ததில்லை. போன வாரம் சாப்பிடக் கீழே இறங்கியபோது அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து கேட்ட துப்பாக்கிச் சத்தமும் அழுகையும் காதில் விழுந்திருக்க வேண்டும். முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள்: "கண்டுபுடிச்சிட்டாங்களாம்மா?"

"கண்டுபுடிச்சிட்டாங்க அத்தை."

"அவங்கம்மாவுக்குச் சொல்லிட்டாங்களா?"

கதையில் அந்தச் செத்தவனுக்கு அம்மாவே இல்லை. சொல்லிவிட்டார்கள் என்றேன். அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவளாச்சும் தூங்குவா" என்றாள்.